சிரிப்புக்கு ஓர் உபகுழு

சங்கம் நடத்துகிற தொழிலில் சம்பளத்துக்கு முன்னால் நின்றுபோவது சிரிப்பு. சம்பளம் நின்றால் எல்லோரும் கூடிப் பேசுவோம், நன்கொடை கேட்டு நாலு வீட்டுப் படி ஏறுவோம். சிரிப்பு நின்றால் யாரும் கவனிப்பதில்லை. "தோழர் ரொம்பப் பக்குவப்பட்டுட்டாங்க" என்று பாராட்டிவிட்டு அவர் தலையில் இன்னொரு வேலையையும் கட்டிவிடுவோம். குடியிருப்போர் சங்கமோ, ரத்ததான முகாமோ, திருவிழாக் கமிட்டியோ, ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கான ஒரு சின்னச் சங்கத்தில் முழுநேர ஊழியராக இருந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் டேனியல் அங்கிள் வீட்டு மாடிதான் எங்கள் அலுவலகம். அவர் கீழே குடியிருந்தார். மாடியில் நாங்கள் மூன்று பேர். செயலாளர் கிருபாகரன், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் அதற்கான சமூகக் காரணங்களை விளக்கக்கூடியவர். அடுத்தது நான். மூன்றாவது செல்வி.

செல்வி பத்துப்பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். சங்கத்துக்கு உறுப்பினராக வந்து ஊழியராகத் தங்கிவிட்டாள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலு பாஷையிலும் சண்டை போடுவாள், சமாதானமும் செய்வாள். அவள் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தால் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவார்கள். நான் குரல் கொடுத்தால், "என்ன விக்கறீங்க?" என்று கேட்பார்கள். அவளிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. தான் வேலை பார்த்த வீட்டு மேடம்கள் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நமக்கே பாத்திரம் தேய்க்கக் கை வரும்.

எங்கள் சங்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று. வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். அதற்காக நாங்கள் வாரத்தில் ஏழு நாளும் உழைத்தோம்.

வைட்ஃபீல்ட் மேடம் கேட்ட கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வியும் நானும் வைட்ஃபீல்டுக்குப் போனோம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்காக அடுக்குமாடிகள் அங்கே முளைக்கத் தொடங்கியிருந்த நேரம். சிவாஜிநகரில் பஸ் ஏறினால் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். அங்கே ஒரு கோயம்புத்தூர் மேடம் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பல வீடுகளில் வாட்ச்மேனைத் தாண்டுவதே பெரும்பாடு என்பதால் எங்களுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. மனுஷிக்கு ஓய்வு எவ்வளவு அவசியம் என்று செல்வி விளக்கினாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு விளக்கினாள். மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை லீவு வேணும்ங்கறீங்க, சரிங்க. ஆனா நீங்களே ஞாயித்துக்கெழமை இங்க வந்து உக்காந்துட்டு இருக்கீங்களே, உங்களுக்கு யாருங்க லீவு குடுக்கறாங்க?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் செல்வி பிய்த்து உதறியிருப்பாள். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் இருவரும் மிச்சக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். மற்ற நாளாக இருந்தால் கேட்டைத் தாண்டுவதற்குள் செல்வி அந்த மேடமாகவே மாறி "சரிங்க, ஏனுங்க" என்று பேசத் தொடங்கியிருப்பாள். அன்று பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். யோசித்துப் பார்த்தேன். அவள் யார் மாதிரியும் பேசிக் காட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. மாரத்தஹள்ளி தாண்டியதும் வாயைத் திறந்தாள்: "வீட்டு வேலை செஞ்சப்போ ஒடம்பு சரியில்லன்னு பொய் சொல்லியாவது மாசத்துல ரெண்டு நாள் லீவு போடுவேன்க்கா. சங்கத்துக்கு வந்தப்புறம் அதுவும் போச்சு. ரொம்ப பேஜாரா இருக்கு. பேரணி முடியற வரைக்கும் இருக்கேன், அப்புறம் என்னை விட்டுடுங்க."

சிரிப்புக்கு ஓர் உபகுழு

எங்கள் விடுமுறைக் கோரிக்கைக்காக நடத்தவிருந்த பேரணிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மறுநாள் கிருபாகரனிடம் விஷயத்தைச் சொன்னேன். செல்வி போய்விட்டால் சங்கத்தில் மிஞ்சுவது அவரும் நானும் ஒரு பேனரும்தான். பேனரின் இரண்டு முனையையும் பிடிக்க ஆள் சரியாக இருக்கும், பின்னால் நடக்கத்தான் யாரும் இருக்கமாட்டார்கள். கிருபாகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊழியர்களின் சோர்வுக்கான அகக் காரணிகள், புறக் காரணிகள் என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, அவளுக்கு இப்போது தேவை விளையாட்டு, நமக்கும் அதுதான் தேவை என்றேன். இந்த மாடியில் கடைசியாக எப்போது எல்லோரும் சேர்ந்து சிரித்தோம் என்று கேட்டேன். அவர் நேர்மையான மனிதர், உண்மையாகவே யோசித்தார். "ஃபேன் கழண்டு உங்க தலையில விழப் பாத்துதே, அன்னிக்கு" என்றார்.

அடுத்த கூட்டத்தில் கரும்பலகையில் நிகழ்ச்சி நிரல் எழுதியிருந்தார். பேரணித் தயாரிப்பு, உறுப்பினர் சேர்க்கை, அதற்குக் கீழே 'மகிழ்ச்சி - பதினைந்து நிமிடம்'. பேரணித் தயாரிப்பிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. மகிழ்ச்சி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்திலும் நேரம் இல்லாததால் அதற்கென்று தனியாக ஓர் உபகுழு அமைத்தார். ஊழியர்களே மூன்று பேர் என்பதால் மூன்று பேரும் உறுப்பினர்கள், அவர் அமைப்பாளர். உபகுழு கூட வேண்டிய நாளில் எனக்குக் காய்ச்சல். செல்வி பேச்சைத் தொடங்கியதும், கோரம் இல்லாமல், அதாவது போதிய எண்ணிக்கை இல்லாமல், முடிவெடுக்கக் கூடாது என்று கிருபாகரன் தடுத்துவிட்டாராம். காய்ச்சல் விட்டு நான் வந்ததும் என் முன்னாலேயே செல்வி அவரிடம் கேட்டாள்: "சிரிக்கறதுக்கும் கோரம் வேணுமா தோழர்?"

கப்பன் பார்க்கில் கண்ணாமூச்சி

உபகுழுவை யாரையும் கேட்காமல் கலைத்தேன். சர்வாதிகாரம்தான், அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், காலை வேலைக்கும் சாயங்கால வேலைக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில், வர முடிந்த உறுப்பினர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு கப்பன் பார்க்குக்குப் போனோம். ஆளுக்கொரு டப்பாவில் சித்ரான்னம். சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டோம். கிருபாகரன் பழக்கதோஷத்தில் நடுவில் எழுந்து நின்றார். கண்ணாமூச்சி ஆடலாம் என்பதை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம். எங்கிருந்துதான் வந்தாரோ, ஒரு கான்ஸ்டபிள் லத்தியோடு வேகமாக நடந்துவந்தார். எங்கள் தர்ணாக்களில் எதிர்ப்பக்கம் நின்று நின்று எங்கள் எல்லோருக்கும் அறிமுகமான முகம். "ஏன்மா, இங்க தர்ணா பண்ணக்கூடாது, கொத்தில்வா, தெரியாதா? இன்னிக்கு என்னா டிமாண்டு?" என்றார். கோரிக்கை எதுவும் இல்லை, விளையாட வந்தோம் என்றார் கிருபாகரன். எதையோ மறைக்கிற ஆள் எப்படிப் பேசுவாரோ அப்படியே இருந்தது அது. கான்ஸ்டபிள் நம்பவில்லை. பக்கத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்து காவல் காக்கத் தொடங்கினார்.

கிருபாகரனின் சிவப்புத் துண்டால் செல்வியின் கண்ணைக் கட்டினோம். எல்லோரும் சிதறி ஓடினோம். அவள் கையை நீட்டித் துழாவிக்கொண்டே நேராகப் போய்ப் பிடித்தது கான்ஸ்டபிளை. சட்டையைத் தடவினாள், பெல்ட்டைத் தடவினாள், லத்தியில் கை பட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கண்கட்டை அவிழ்க்காமலே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பழைய வீட்டு மேடம் ஒருத்தியின் குரலில், "மணி என்ன ஆகுது? இப்பத்தான் வர்றதா? நேத்து கேஸ் அடுப்பை ஏன் தொடைக்கலை?" என்றாள். பல மாதம் காணாமல் போயிருந்த குரல் அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்து வந்ததா வேறா என்று பிரித்துப் பார்க்கவில்லை. கான்ஸ்டபிளும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கவலையோடு கேட்டார்: "ஸ்டேஷன்ல என்னான்னு ரிப்போர்ட் குடுக்கறது மேடம்? சங்கத்துக்காரங்க கண்ணாமூச்சி ஆடுனாங்கன்னா என்னைத்தானே மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்புவாங்க?"

சட்டை உடம்பில் சேருமா?

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டத்துக்கு முன்னால் அலுவலகச் சந்தில் ஒரு ஆட்டம் லகோரி என்று வழக்கமாயிற்று. ஏழு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பந்தால் அடித்துக் கலைத்து, எதிர் அணி நம்மைப் பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்கவேண்டும். பெங்களூரில் பிறந்த யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு நாள் கிருபாகரன் குனிந்து கல் அடுக்கும்போது முதுகில் பந்து பட்டது. சட்டையில்தான் பட்டது, உடம்பில் படவில்லை, ஆகவே அவுட் இல்லை என்றார் அவர். சட்டை உடம்பில் சேருமா சேராதா என்று விவாதம் தொடங்கியது. அவர் முதலில் வரையறை கேட்டார், பிறகு முன்னுதாரணம் கேட்டார், வாக்கெடுப்பில் தோற்றதும் தன் மாற்றுக் கருத்து பதிவாக வேண்டும் என்றார். கூட்டமே நடக்காமல் அன்றைய பொழுது போயிற்று. அடுத்த வாரம் மனுஷன் சட்டையை இறுக்கி இன் பண்ணிக்கொண்டு வந்தார். ஃப்ரேஸர் டவுனில் நாலு வீட்டில் வேலை செய்யும் ஷபானா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்: "தோழர் நம்ம மேடமுங்ககிட்ட ஒரு நாள் இப்டி பேசியிருந்தா நமக்கு எப்பவோ லீவு கெடச்சிருக்கும்."

டேனியல் அங்கிள் மேலே வந்தார்

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். மாடி ஹாலில் சாக்பீஸால் கட்டம் கிழித்துக் குண்டெபில்லெ ஆடினோம். நம் ஊர்ப் பக்கம் பாண்டி என்பார்களே, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கட்டம் தாண்டும் அதே ஆட்டம். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு டேனியல் அங்கிள் கீழே படுத்திருக்கும் நேரம் அது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு நேர் மேலேதான் ஷபானா தொம்தொம்மென்று குதித்துக்கொண்டிருந்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அப்போது கட்டத்துக்குள் இருந்த கிருபாகரன் மட்டும் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றார். காலை ஊன்றினால் அவுட். டேனியல் அங்கிள் கறாரான ஆள். ஆணி அடிப்பதானாலும் அவரைக் கேட்டுத்தான் அடிக்கவேண்டும். அவர் கதவருகில் நின்று, கட்டங்களைப் பார்த்தார், ஒற்றைக் காலில் நின்ற செயலாளரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "என்னம்மா மாலினி, இத்தனை வருஷமா நீங்க மேல போடற சண்டையைக் கேட்டுக்கிட்டே நிம்மதியாத் தூங்கிட்டிருந்தேன். இன்னிக்கு எல்லாரும் சிரிக்கற சத்தம் கேட்டுது பாரு, ஐயோ, ஆபீஸை மூடிட்டுப் போறீங்களோன்னு பயந்துட்டேன்!"

எங்களுக்கு எதிராக

நானும் அந்தச் சிரிப்பை நம்பி, செல்வி மனம் மாறியிருப்பாள் என்று நினைத்தேன். படி இறங்கும்போது கேட்டே விட்டேன். "ஆட்டம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா ஆட்டம் முடிஞ்ச ஒடனே கூட்டம் இருக்குதே" என்றாள். ஆக, முடிவில் மாற்றமில்லை. பேரணிக்கு முந்தின ஞாயிறும் வந்தது. கடைசித் தயாரிப்புக் கூட்டம். எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று கிருபாகரன் வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். அவரும் நானும் நாற்காலி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. கீழே மட்டும் ஒரே இரைச்சல்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்து முழுக்க நம் பெண்கள். நடுவில் லகோரிக் கல் அடுக்கியிருந்தது. டேனியல் அங்கிள் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பந்து சாக்கடையில் விழாமல் காலால் தடுத்துக்கொண்டிருந்தார். கிருபாகரன் எட்டிப் பார்த்து, "தோழர்களே, கூட்டத்துக்கு நேரமாச்சு!" என்றார். செல்வி நிமிர்ந்தாள். தொண்டையைச் செருமினாள். இல்லாத மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்புறம் கிருபாகரனின் அதே குரலில், "தோழர்களே! இந்த முக்கியமான காலகட்டத்தில் நாம் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான்!" என்றாள். சந்தே அதிர்ந்தது. உடனே ஷபானா கோஷத்தைப் பிடித்துக்கொண்டாள். வேண்டும் வேண்டும், சங்க ஊழியருக்கும் உறுப்பினருக்கும் கூட்டமில்லாத ஞாயிறு வேண்டும். எழுதிக் கொடுத்த கோஷத்தையே தப்பும் தவறுமாகச் சொல்கிறவர்கள் அன்று ஒரே குரலில் பிசிறில்லாமல் போட்டார்கள்.

எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. இத்தனை வேலை கிடக்கும்போது இது என்ன கூத்து என்று கோபம் வந்தது. கிருபாகரன் பக்கம் திரும்பினால் அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். ஒரே கோரிக்கை, தெளிவான தலைமை, முழு ஒற்றுமை. இப்படி ஒரு வேலைநிறுத்தத்தைப் பார்க்கத்தான் மனுஷன் ஆயுசு பூராவும் காத்திருந்தார். அது தனக்கு எதிராக வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். சட்டையை இன் பண்ணிக்கொண்டே பதில் சொன்னார்: "கோரிக்கை நியாயமானது தோழர். மேனேஜ்மென்ட் எறங்கிப் போய்ப் பேசறதுதான் மரியாதை."

மறுபடியும் வைட்ஃபீல்ட்

பேச்சுவார்த்தை நடந்தது. சந்தில் கால் வைத்த உடனே நிர்வாகத் தரப்பின் முதுகில் பந்து விழுந்தது, அவர் சட்டை என்று வாதாடவில்லை. கூட்டம் வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை டேனியல் அங்கிளிடம் கொடுப்பது என்றும், கிருபாகரன் கேட்டால் தரக்கூடாது என்றும் முடிவாயிற்று. பேரணி நன்றாகவே நடந்தது, பேனருக்குப் பின்னால் ஆள் இருந்தார்கள். மறுநாள் காலை நான் அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி வந்தாள். லேட்டாக வந்தாள், பையில் பந்தோடு வந்தாள். வேலையை விடுவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி அதே கோயம்புத்தூர் மேடம் வீட்டுக்குப் போனோம். அதே சோபா, அதே காபி. சமையலறையில் லட்சுமி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டு வேலைக்காரி. ஒரு நாள்கூட லீவு கிடைக்காததால் எங்கள் கூட்டத்துக்கு ஒரு தடவையும் வர முடியாதவள். "போன மாசமெல்லாம் ஞாயித்துக்கெழமை வருவீங்கன்னு பாத்தேனுங்க, காணவே காணமே?" என்றார் மேடம். செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். யார் குரலிலும் இல்லை, தன் சொந்தக் குரலில் சொன்னாள், "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு மேடம்."

மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி செய்கிறாளோ என்று பார்த்திருப்பார், அப்படி ஒன்றும் செல்வி முகத்தில் இல்லை. யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். செல்வி என்னைக் காட்டி, "இவங்கதான். சும்மா குடுக்கல, கேட்டு வாங்கினோம்" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. குழாய் மூடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், முன்பு நாங்கள் கேட்டே இராத ஒரு குரல் உள்ளேயிருந்து வந்தது: "அப்போ எனக்கும் லீவுதானே மேடம்?"

லட்சுமிக்கு முதலில் மாதம் இரண்டு ஞாயிறு கிடைத்தது, சம்பளம் பிடிக்காமல். அந்த அடுக்குமாடியில் சில வீடுகள் ஒப்புக்கொண்டன, பல வீடுகள் கதவைச் சாத்தின. அன்று திரும்பி வரும்போது செல்வி கோயம்புத்தூர் பாஷையில் பஸ்ஸையே கலக்கிக்கொண்டு வந்தாள், கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டுக் கேட்டார். இத்தனை கோஷம், இத்தனை ஊர்வலம் எல்லாவற்றுக்கும் பிறகு, வாரம் ஒரு நாள் விடுமுறை என்ற எங்கள் சங்கத்தின் கோரிக்கைக்கு முதன்முதலாகப் பணிந்த முதலாளி எங்கள் சங்கம்தான், அதுவும் முதுகில் ஒரு பந்தடி வாங்கிய பிறகு.